சுவருக்கு ஒரு மெத்தை

சுவருக்கு சீட் கவர் போட வேண்டும் என்று என் கடைக்கு வந்த ஒரே ஆள் அவர்தான். செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில், கார், ஆட்டோ, டிராக்டர் என்று எது வந்தாலும் சீட் தைத்துக் கொடுப்பவன் நான். ஆட்டுக்குட்டி ஏறி நின்று கிழித்த சீட்டெல்லாம் தைத்திருக்கிறேன். "சுவரு ஒக்கார எதுக்குணா மெத்த?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். "கார் ஷெட்டுல கதவு போயி சுவத்துல முட்டுதுப்பா. அதுக்கு இன்னா பண்லாம்?" என்றார். வெளியே சொல்ல முடியாத வியாதியை டாக்டரிடம் சொல்கிறவர் மாதிரி அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

பஜாரில் இன்றைக்கும் அவர் பேச்சு வந்தால், "தம்பி செத்த அன்னிக்கிதான் தம்பி வாசப்படி மிதிச்ச ஆளு, கல்நெஞ்சுக்காரன்" என்பார்கள். அன்றைக்குத்தான் வாசற்படி மிதித்தார், அதில் பொய் இல்லை. கல்நெஞ்சுக்காரன் என்கிறார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் இருக்கிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் பேசிவிடுவதா? அவர் இப்போது ஊரில் இல்லை. மகள் வந்து ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டாள். ஆள் இல்லாத இடத்தில் நாக்குக்கு எலும்பு இருக்காது. அதனால்தான் நான் பார்த்ததை நான் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் நெல் வியாபாரி. சுற்றுப்பட்டு கிராமத்து மூட்டையெல்லாம் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில்தான் ஏலத்துக்கு வந்து இறங்கும். அறுவடை நாளில் அங்கே போய் நின்றால் காது அடைத்துவிடும். அந்த இரைச்சலில் பாதி ஆயுசைக் கழித்தவர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதிலும் முட்டிக்கொள்ளக் கூடாது. இதுதான் அவருடைய ஒரே வேதம். பஜாரில் எதிரே ஆள் வந்தால் அவ்வளவு தூரத்திலேயே ஓரம் கட்டிவிடுவார். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக் கூட்டம், அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கூட்டம் என்று ரோடு பிதுங்கும் நாள்களில் அவருடைய வெள்ளைக் கார் வெளியே வராது. கல்யாணத்துக்குப் போனால் முதல் பந்தியிலும் உட்கார மாட்டார், கடைசிப் பந்தியிலும் உட்கார மாட்டார். யாரும் அடித்துப் பிடித்து ஓடாத நடுப்பந்தியாகப் பார்த்து ஒரு ஓரத்தில் உட்காருவார்.

ஒரு தடவை என் கடைக்கு எதிரே டீக்கடையில் காரை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். தொண்டூர் டிராக்டர் ஒன்று ரிவர்ஸில் வந்து டிரெய்லரால் காரின் மூக்கைப் பெயர்த்துவிட்டது. ஓட்டி வந்தவன் சின்னப் பையன். தப்பு தன்மேல் என்று தெரிந்தால் முதலில் கத்துவது யாரோ அவன் ஜெயிப்பான் அல்லவா? துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சண்டைக்குத் தயாராகத்தான் குதித்தான். இவர் போய், "உனுக்கு அடி கிடி படலியேப்பா? நான்தான் அங்க நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார். அவனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டான். இரண்டு பேரும் டீ சாப்பிட்டார்கள்.

அவன் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாணா நீங்க? இப்பிடி இருந்தா ஊர்ல இருக்கறவன்லாம் ஏறி மிதிச்சிட்டுப் போவான்."

"சண்ட போட்டா இன்னா வரும்? ஒரு வாட்டி போட்டேன். போதும்."

அந்த ஒரு வாட்டி என்பது தம்பியோடு. அப்பா செத்தபிறகு வீட்டைப் பாகம் பிரித்திருக்கிறார்கள். ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்குவது. பஜார் தெருக்களில் பாதி வீடு இப்படிப் பிளந்த வீடுதான். நடுச்சுவர் ஒன்பது அங்குலம் வர வேண்டும், ஆளுக்கு நாலரை அங்குலம் இடம் விட வேண்டும். என் பக்கம் கார் நிற்கணும், நீயே முழுசா விட்டுக் கொடு என்று இவர் கேட்டிருக்கிறார். கார் பெரிசா நான் பெரிசா என்று தம்பி கேட்டிருக்கிறான். பேச்சு தடித்து, இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. என்ன வார்த்தை என்று கடைசிவரைக்கும் என்னிடம் சொல்லவில்லை. "நெல்லக் கொட்டுனா அள்ளலாம்பா" என்பார். மீதியைச் சொல்ல மாட்டார்.

முழு ஒன்பதுக்கும் யாரும் விட்டுக் கொடுக்காததால் சுவர் நாலரை அங்குலத்திலேயே எழும்பியது. ஒற்றைச் செங்கல் தடிமன். "இந்தப் பக்கம் தும்முனா அந்தப் பக்கம் நூறு வயசும்பாங்க" என்று கொத்தனார் அப்போதே சொன்னாராம். யாரும் நூறு சொல்லவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. நல்லது கெட்டது எதற்கும் இல்லை. இவர் மகள் கல்யாணத்துக்குத் தம்பி வரவில்லை. இவர் மனைவி இறந்தபோது வந்தான். தெருவில் நின்றுவிட்டுப் போய்விட்டான். இவருக்கு அது போதுமாக இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அவர் கடைக்கு வந்து கூப்பிட்டதற்கு மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டைப் பார்க்கப் போனேன். போகிற வழியில் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. யாரோ ஒரு அம்மாள் திரையில் வாயைத் திறந்து திறந்து அழுதுகொண்டிருந்தாள். "ரிமோட்டு ரிப்பேராணா?" என்றேன். உதட்டில் விரலை வைத்தார். ஒரு ஆள் தனியாக இருக்கிற வீட்டில் டிவியாவது பேச வேண்டாமா? அதுவும் பேசக் கூடாதென்றால் அந்த வீட்டில் மனிதன் எப்படி இருப்பான்? எனக்கு அப்போதே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஷெட் என்றால் ஷெட்டும் இல்லை. காரை உள்ளே விட்டால் இடது பக்கம் படி, வலது பக்கம் அந்த நடுச்சுவர். டிரைவர் பக்கக் கதவு முழுசாகத் திறக்காது. கதவு மோதுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

"இதுக்குப் போயி மெத்தயா? கதவு ஓரத்துல ரப்பர் ஒட்டுனா வேல முடிஞ்சிது. பெயிண்ட்டும் போவாது, சுவரும் பேராது" என்றேன்.

"ரப்பர் சத்தம் போடும்பா."

"சத்தம் போட்டா போட்டுட்டுப் போவுது. உங்களுக்கு இன்னா?"

அவர் சுவரைக் காட்டினார். அப்போதுதான் இருமல் கேட்டது. அடுத்த வீட்டு இருமல் மாதிரி இல்லை, என் தோளில் சாய்ந்துகொண்டு ஒருவன் இருமுகிற மாதிரி இருந்தது. பின்னாலேயே ஒரு பெண் குரல், "கொஞ்சம் முழுங்குங்க, ஒரே ஒரு வாய்" என்றது.

தம்பிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதும், படுத்த படுக்கையாகக் கிடப்பதும் எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கட்டில் அந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தலமாடு இங்கதான் வருது" என்று பெயர்ந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். காதோடு காதாகப் பேசினார். "எனுக்கு முட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. கதவப் புடிச்சி ஊனிக்கினுதான் எறங்கணும். ஊன்னா அது டம்முனு போயி முட்டுது. அவன் தலையிலியே முட்டுற மாதிரி இருக்குதுப்பா."

"தெருவுல நிறுத்துங்களேன்."

"தெருவுல நிறுத்துனா வேற எவனாவது வந்து முட்டுவான்."

"சரி, அந்தப் பக்கம் போயி ஒரு வார்த்த பேசிட்டு வாங்க. வாசல் பக்கத்து வாசல்தான?"

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு போறது?"

அளவெடுத்தேன். ஆணி அடிக்கக் கூடாது என்றார். டிரில் போடக் கூடாது என்றார். இருமக்கூட வெளியே போய்விட்டு வா என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். இரண்டு அடுக்கு ஸ்பாஞ்ச் வைத்து, மேலே காவி நிற ரெக்சின் தைத்து, பசை போட்டு ஒட்டினேன். கோட்டைப் பாறை சூடேறினால் செஞ்சியே அடுப்பு. அந்த வெயிலில் எந்தப் பசை நிற்கும்? இரண்டாம் நாளே மெத்தை உரிந்து கார்மேல் விழுந்தது. திரும்ப ஒட்டினேன், திரும்ப விழுந்தது. தொழில் மானம் போகிறதே என்று எனக்கு வெறி வந்துவிட்டது. கடைசியில் தரைக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு சவுக்குக் கம்பை இறுக்கி நிறுத்தி, மெத்தையை அதில் நாடாவால் கட்டினேன். அவர் காரில் உட்கார்ந்து, கதவைத் திறந்து, ஊன்றி இறங்கிப் பார்த்தார். கதவு போய் மெத்தையில் புதைந்தது. ஒரு சத்தம் இல்லை. அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு விட்டாரா? கேட்டின் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். அவர் தெரு பஜார் பக்கத்திலிருந்து சரிவாக இறங்கும். கமிட்டியிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டு, காரைத் தானாக உருளவிட்டு ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவார். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் அந்தக் காருக்குப் பூனைக் கார் என்று பேர் வைத்துவிட்டார்கள். கையில் ஓட்டல் இட்லிப் பொட்டலம் இருக்கும். உள்ளே போய், பேசாத டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அவர் வந்ததும் யாருக்கும் தெரியாது, போனதும் யாருக்கும் தெரியாது.

சில வாரம் கழித்துத் தம்பி மனைவி என் கடைக்கு வந்தார். படுக்கைமேல் போட ரெக்சின் விரிப்பு வேண்டும் என்றார். வெட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். மனுஷி பாதியாகத் தேய்ந்து போயிருந்தார்.

"ஏண்ணா, அந்த நடுச்சுவத்துல நீ இன்னா பண்ண?"

எனக்குச் சுருக்கென்றது. சுவர் பொதுச் சுவர், கேட்காமல் கை வைத்தாயா என்று சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று பயந்து, "ஆணி கூட அடிக்கலமா. கம்புலதான் கட்டியிருக்குது. உன் ஊட்டுக்காரருக்கு சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் பெரியவரு போடச் சொன்னாரு" என்றேன்.

அந்த அம்மாள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த சத்தத்துக்குதாணா எங்க ஊட்டுக்காரரு சாயங்காலத்துலேர்ந்து காத்துக்கினு இருப்பாரு. டம்முனு முட்டும். தலமாட்டுல காலண்டர் ஆடும். அதப் பாத்தப்புறந்தான் வாயத் தொறப்பாரு. அதுக்கு மின்ன ஒரு பருக்க எறங்காது. இப்ப சத்தமே இல்ல. கஞ்சி எடுத்துக்கினு போனா மூஞ்சத் திருப்பிக்கிறாரு."

"வந்துட்டாருன்னு நீ சொல்லக் கூடாதா?"

"சொல்லாமயா இருப்பேன்? நம்ப மாட்றாரு. பெரியவருக்கு என்னமோ ஆயிடுச்சி, நான் மறைக்கிறன்னு நெனைக்கிறாரு. கண்ணுல தண்ணியா ஊத்துது. டாக்டரு பாத்துட்டு, இப்பிடி சாப்புடாம கெடந்தா தாங்க மாட்டாருன்னு சொல்லிட்டாரு."

"பெரியவர்கிட்ட நேரா சொல்லேம்மா."

"போக்குவரத்து இல்லாத ஊட்டுல போயி, கதவ முட்டுங்கன்னு எப்பிடிணா கேக்கறது? நான் சொன்னேன்னும் சொல்லாத. எதனா பண்ணு."

விரிப்பை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு யார்மேல் கோபம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருத்தன் சாப்பிடாமல் காத்துக்கிடக்கிறான், இன்னொருத்தன் அவன் காதில் விழக் கூடாதென்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடக்கிறான். நடுவில் ஒரு செங்கல். அந்தச் செங்கலுக்கு மெத்தை தைத்துக் கொடுத்த மடையன் நான்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் தெருமுனையில் போய் நின்றேன். கார் வந்தது. இஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினார். பின்னாலேயே போய், சொல்லாதே என்றதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு மறைக்கத் தெரியாது.

அவர் படியில் உட்கார்ந்தார். இட்லிப் பொட்டலம் மடியில் இருந்தது.

"அவன் என்ன எதிர்பாக்குறானா?"

"ஆமாணா."

"பொய் சொல்லாத."

"சோறு எறங்கலியாம்ணா. நான் எதுக்கு பொய் சொல்றேன்?"

பொட்டலத்தைப் படியில் வைத்தார். பிறகு எழுந்து போய் அவரே நாடாவை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததைப் பல்லால் கடித்து இழுத்தார். மெத்தையைத் தள்ளி வைத்தோம். காரைத் தெருவுக்கு எடுத்து, முன்பு மாதிரி இஞ்சின் சத்தத்தோடு உள்ளே கொண்டுவந்தார். நான் படியோரம் ஒதுங்கி நின்றேன். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த இருமல் நின்றது.

கதவைத் திறந்தார். அது சுவருக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டது. அவர் கை போய் விளிம்பைப் பிடித்திருந்தது. மூடினார். மறுபடி திறந்தார், மறுபடியும் கை போய்ப் பிடித்தது. ஒரு கை தள்ளுகிறது, இன்னொரு கை தடுக்கிறது.

"முட்டுங்கணா" என்றேன் மெதுவாக.

"வரலப்பா. தலமாடுப்பா அது."

"நான் வேணும்னா முட்டட்டுமா?"

"வேணாம். நீ முட்டுனா அவனுக்குத் தெரிஞ்சிடும்."

வேர்த்து ஊற்றியது அவருக்கு. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ஊன்றி எழுந்தார். பாதியில் முட்டி விட்டுவிட்டது. உடம்பின் கனம் முழுக்கக் கதவின்மேல் போயிற்று. கதவு சுவரில் போய் அறைந்தது, நடுவில் அவர் விரல்கள். டம்மென்று ஒன்றும் கேட்கவில்லை. "அம்மா" என்று அவர் அலறியதுதான் கேட்டது. அந்த மனுஷனிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஓடிப் போய்க் கதவை இழுத்துக் கையை விடுவித்தேன். இரண்டு விரலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. வார்த்தை இல்லை. வாய் கோணி, எச்சிலில் நனைந்து, எழும்பப் பார்த்து எழும்ப முடியாத குரல். இரண்டு தடவை வந்தது.

அவர் கையை உதறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு அது?"

"யாருன்னா? உங்க தம்பிதாணா."

"அவன் கொரலு இப்பிடி இருக்காதுப்பா. அவன் கணீர்னு பேசுவான்."

பக்கவாதம் என்று கேள்விப்பட்டது ஒன்று, அந்தக் குரலைக் கேட்பது ஒன்று. நாள் பூராவும் தன் சத்தம் அவனுக்குக் கேட்கக் கூடாது என்று பார்த்தவர், அவனுடைய சத்தம் என்ன ஆயிற்று என்று கேட்டதே இல்லை. இருமலை வைத்தே தம்பி இருக்கிறான் என்று திருப்திப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டார். முகம் சுருங்கிப் போய்விட்டது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது தடவையும் குரல் வந்தது. இந்த முறை முன்னைவிடப் பலவீனமாக, பயந்துபோன மாதிரி வந்தது.

அவர் காருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உடம்பை நுழைத்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. பெயர்ந்த செங்கல்மேல் நெற்றியை வைத்து, வாயை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொன்னார்.

"நான்தாண்டா. ஊட்டுக்கு வந்துட்டேன். நீ சாப்புடு."

பிறகு அந்தப் பக்கம் கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம் வந்தது. நின்று, திரும்ப வந்தது. நான் அவர் தோளைத் தொட்டு, "வாங்கணா, கையக் கழுவணும்" என்றேன். இரு என்று மறு கையால் ஜாடை காட்டினார். ஒவ்வொரு கரண்டியாகக் கேட்டுக்கொண்டு, தம்பி சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அந்த இடுக்கிலேயே நின்றார்.